சுவருக்கு நல்ல தண்ணீர்

எனக்கு வயது எண்பத்தொன்று. எட்டுப் பெற்றேன்; ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். மீதி மூன்று எங்கே என்று கேட்டுவிட்டு உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஐந்து பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறார்கள். ஒருவரும் யார் வாசலிலும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

எழுத்து எனக்கு ஓடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பாதியில் இருந்தபோது கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது. வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எரிச்சல். போன மாதம் கோயிலடியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். டவுனிலிருந்து வந்த தம்பி ஒருவர், நல்ல பிள்ளைதான், ஆற்றில் குப்பை போடக் கூடாது என்று பேசினார். சரியான பேச்சு. ஆனால் நடுவில், "அந்தக் காலத்துல நம்ம மலையில ஆறெல்லாம் கண்ணாடி மாதிரி ஓடிச்சு. நம்ம பெரியவங்க கையால அள்ளிக் குடிச்சாங்க, நோய் நொடி இல்லாம இருந்தாங்க" என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டியது. எந்தக் காலத்தில்? எந்த ஆறு? அள்ளிக் குடித்தவள் இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? எழுந்து சொல்லலாம் என்று பார்த்தால் அதற்குள் தேத்தண்ணியும் வடையும் வந்துவிட்டது. வடை வந்தபின் நம் ஆட்கள் யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் வட்டவளையில் பிறந்தவள். கல்யாணமாகி நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு வந்தேன். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. செத்தவர்களின் பிள்ளைகள் இன்றும் பக்கத்து லயங்களில் இருக்கிறார்கள். முகம் பார்த்துப் பேச வேண்டியவர்கள். நடந்த வருடம் மட்டும் சொல்கிறேன். கீழ்நாட்டில் மலேரியாக் காய்ச்சலில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்ததே, அதற்கு அடுத்த வருடம்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருந்ததால் அதற்குப் பணிய லயம் என்று பெயர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை. காம்பராவுக்குக் குறைந்தது ஆறு பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பீலி. மூங்கிலை இரண்டாகப் பிளந்து, கணுவைத் தட்டி எடுத்து, ஆற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வந்து விழ வைப்பதுதான் பீலி. குடிக்க, குளிக்க, அரிசி கழுவ, பிள்ளை கழுவ எல்லாம் அதில்தான்.

அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். காட்டுக்குள்ளிருந்து இறங்கும்போது நல்ல ஆறுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. காட்டை விட்டு வந்ததும், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மீன் குட்டை. குட்டையைத் தாண்டியதும் துரை பங்களா மாட்டுப்பட்டி. பட்டியைத் தாண்டியதும் எங்கள் பீலி. பீலிக்கும் கீழே, அரை மணி நேரம் நடந்தால், ஒரு சிங்களக் கிராமம்.

பட்டியில் ஆறு மாடுகள். பங்களாவுக்குப் பால் கொடுக்கும் மாடுகள், எங்களைவிட நல்ல கூரைக்குக் கீழே நின்றன. காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போகுமுன், விடியும் நேரத்தில், நாங்கள் குடத்தைப் பீலியில் வைப்போம். அதே நேரத்தில்தான் மாட்டுக்காரன் மேலே பட்டியை வாளி வாளியாகக் கழுவித் தள்ளுவான். எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "மாடு என்ன ஒங்க பெரட்டு நேரம் பாத்தா போடுது?" என்பான். பக்கத்துக் காம்பராவில் என் புருஷனின் அண்ணன் பெண்சாதி, என் மதினி, இருந்தாள். வாய்க்காரி. குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்குத் தேயிலத் தூள் செலவே இல்ல போ. தண்ணியே தேத்தண்ணி நெறத்துல வருது" என்பாள். சிரிப்போம். சிரித்துக்கொண்டே அதைத்தான் வீட்டுக்குத் தூக்கிப் போவோம்.

எங்கள் ஆட்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. தோட்டத்தில் நான்கு கக்கூசு கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் கோழி அடைத்தோம். ஒன்றில் மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, நனையாமல் அடுக்கி வைத்தோம். ஆண்கள் காலையில் ஆற்றங்கரைக்குத்தான் போனார்கள். சாம்பலைக் கரையில் கொட்டினோம். "கழுவுறதக் கீழ போய்க் கழுவு" என்று நான் கத்தினால், "ஒன் அப்பன் வீட்டு ஆறா?" என்று திருப்பிக் கத்துவார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுத் துரையை மட்டும் எழுதினால் எனக்கே பொறுக்காது.

மீன் குட்டைக்கு வருகிறேன். துரைக்குத் தூண்டில் போடுவதில் பைத்தியம். எங்கள் ஆற்றில் இருந்த மீன் அவருக்குப் போதவில்லை. விரல் நீளம்தான் இருக்கும், மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும். கப்பலில் ஐஸ் போட்டு முட்டையாகக் கொண்டுவந்த மீனின் குஞ்சுகளாம், வாங்கிக் கொண்டுவந்து குட்டையிலும் ஆற்றிலும் விட்டார். உடம்பெல்லாம் புள்ளி. நாங்கள் அதைத் துரை மீன் என்போம். துரை மீன் எல்லாவற்றையும் தின்றது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த விரல் மீனைக் காணோம். கல்லுக்கு அடியில் இருந்த நண்டையும் காணோம். பிள்ளை பெற்றவளுக்கு நண்டு ரசம் வைத்துக் கொடுப்பது எங்களில் வழக்கம். நான் தலைப்பிள்ளை பெற்றபோது என் மாமியார் ஒரு பகல் முழுக்க ஆற்றில் கல்லைப் புரட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். "கல்லுதான் இருக்கு. ரசம் வைக்கவா?" என்றார்.

குட்டைக்கு ஒரு காவல்காரர். வாச்சர் என்போம். கீழே இருந்த அந்தக் கிராமத்துச் சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். நீர்நாயை விரட்டுவதும், லயத்துப் பிள்ளைகளை விரட்டுவதும் அவருக்கு வேலை. நீர்நாய் இரண்டு ஜோடி இருந்தன. சாயந்தரத்தில் சீட்டி அடிப்பதுபோல ஒன்றையொன்று கூப்பிடும். வாச்சர் தகரத்தைத் தட்டி விரட்டுவார். அவை நாலு முழம் தள்ளிப் போய் நின்று அவரையே பார்க்கும். எங்கள் பேச்சு அவருக்குக் கொஞ்சம் வரும். என்னை "நங்கி" என்பார். அவர்கள் பேச்சில் தங்கச்சி.

என் தலைப்பிள்ளை ஆண். பதினோரு மாதத்தில் வயிற்றோட்டம் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். அடுத்தது பெண். அவளுக்கு ஒன்றரை வயதானபோது, சித்திரையில், அதே மாதிரி தொடங்கியது. முதலில் தண்ணீராக, பிறகு சளியும் இரத்தமுமாக. நின்றாற்போல இருக்கும், நான்கு நாள் கழித்துத் திரும்ப வரும். பிள்ளையின் தொடை என் மணிக்கட்டு அளவுக்கு வந்துவிட்டது. அவளை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

தோட்டத்து மருந்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். விளக்கெண்ணெய் கொடுத்தார். "தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடு" என்றார்.

"எதுல கொதிக்க வைக்கிறது சாமி? காஞ்ச மிலாறு தீந்துபோச்சு, மத்ததெல்லாம் நனஞ்சு கெடக்கு."

"அது ஒன் பாடு" என்றார்.

நான் கொதிக்க வைத்தேன், நனைந்த குச்சியை ஊதி ஊதிக் கண் போயிற்று. ஆனால் பகல் முழுக்க அவள் பிள்ளைக் காம்பராவில் இருந்தாள். நாங்கள் மலையில் கொழுந்து எடுக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, முப்பது பிள்ளைகளுக்கும் பீலித் தண்ணீரைத்தான் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அவளுக்கு வேறு தண்ணீர் எங்கே?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பீலியின் தலையைப் பட்டிக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். நாற்பது காலடித் தூரம். மூங்கில் காட்டில் கிடக்கிறது; பெண்களே சுமந்துவிடுவோம். ஆனால் பட்டிக்கு மேலே போனால் குட்டைப் பக்கம். குட்டைப் பக்கம் போனால் பத்துச்சீட்டு, அதாவது தோட்டத்தை விட்டே துரத்திவிடுவார்கள். துரையிடம் நேரே பேச முடியாது. எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் கணக்கப்பிள்ளையிடம், அவர் கிளாக்கரிடம், அவர் துரையிடம். அதுதான் முறை. அந்த முறையை நான் நம்பினேன், பைத்தியக்காரி. மூன்று ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டு வாசலுக்குப் போனேன்.

முதல் ஞாயிறு, "சொல்றேன் போ" என்றார். இரண்டாம் ஞாயிறு, "நான் சொல்றேன்னு சொன்னேன்ல?" என்றார். மூன்றாம் ஞாயிறு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏம்மா, அந்தத் தண்ணியத்தான் நானும் குடிச்சு வளந்தேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

அவர் அப்போது குடித்தது பங்களாக் குழாய்த் தண்ணீர். கங்காணி வீடு பங்களாவுக்குப் பின்னால். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வாச்சர்தான் ஒரு உபகாரம் செய்தார். ஒரு நாள் நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பட்டிக்குக் கிட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். "வத்துர நரக்காய், நங்கி" என்றார். தண்ணீர் கெட்டது என்று அர்த்தம். பிறகு தமிழில், "காலையில செம்பு எடுத்து வா. நான் அந்தப் பக்கம் பாக்கும்" என்றார். தினமும் ஒரு செம்பு. நான் குட்டைக்கு மேலே மொண்டுகொள்ளும்வரை அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர். பகலில் மறுபடியும் பீலித் தண்ணீர். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியதுபோல.

அந்த ஆடியில், லயங்களைப் பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் வரப் போகிறார் என்று சொன்னார்கள். உடனே லயத்துக்கெல்லாம் வெள்ளையடிக்க உத்தரவு வந்தது. எங்கள் லயத்துக்கு என் புருஷனையும் இன்னும் மூன்று பேரையும் போட்டார்கள். பீலித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து முதல் பூச்சு அடித்தார்கள். காய்ந்ததும் பார்த்தால் சுவர் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது.

கங்காணி வந்து பார்த்தார். "இதென்னடா, சாணி மெழுகின மாதிரி இருக்கு?"

"சாணிதாங்க" என்றார் என் புருஷன்.

"வாய் பேசாத. தொரை பாத்தா என்னயக் கொன்னு போடுவாரு. மேல போயி நல்ல தண்ணி எடுத்துட்டு வந்து கரைங்கடா. வெள்ளை வெள்ளையா இருக்கணும்."

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்று ஞாயிறு நான் கேட்டு நடக்காதது, சுவருக்கு ஒரு நிமிடத்தில் நடந்துவிட்டது. சுவருக்கு வயிற்றோட்டமா வந்தது?

நால்வரும் அன்றைக்குக் குட்டையில் தண்ணீர் மொண்டார்கள். தூரம் சுமக்க அலுப்புப்பட்டு, சுண்ணாம்பையே குட்டைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய தகரப் பீப்பாய்களில் கரைத்தார்கள். அன்று வாச்சர் இல்லை, ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். சாயந்தரம் வேலை முடிந்ததும் பீப்பாய்களைக் கழுவ வேண்டும். பட்டிக்குக் கீழே கழுவினால் சுண்ணாம்பு பீலியில் வரும், பிள்ளைகள் குடிப்பார்கள் என்று என் புருஷனுக்கு ஒரு புத்தி. அதனால் அடியில் தங்கியிருந்த சுண்ணாம்புச் சேறு அத்தனையையும் குட்டையிலேயே கழுவிக் கொட்டிவிட்டார்கள். குட்டை பெரிசு, அதிலேயே கரைந்துவிடும் என்று நினைத்தார்களாம். நல்லது செய்ய நினைத்து நாசமாக்குவதில் எங்கள் ஆண்களை அடிக்க ஆள் கிடையாது.

மறுநாள் பகலில் மீன் மிதந்தது. முதலில் ஒன்று இரண்டு, பிறகு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு குட்டை நிறைய.

என் தலைப்பிள்ளை செத்தபோது துரை வரவில்லை, வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மீன் செத்ததற்கு அடுத்த நாள் காலைப் பெரட்டில் ஆறு மணிக்கே வந்து நின்றார். பின்னால் பங்களாச் சமையல்காரர், பெரிய தட்டில் செத்த மீன்களை வரிசையாக அடுக்கி, மேலே வெள்ளைத் துணி மூடி ஏந்திக்கொண்டு நின்றார். மதினி என் காதில், "என்ன புள்ள, பந்தி வைக்கப் போறாகளா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புருஷன் என் பக்கம் ஒட்டி வந்து நின்றார்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். எல்லோரையும் 'நீ' என்று பேசுகிற தமிழ்.

"யாரு கொன்னது? இப்ப சொல்லு. சொல்லல, பணிய லயம் முழுக்கப் பத்துச்சீட்டு."

கங்காணி முன்னால் போய்க் குனிந்தார். "தொரைங்களே, பணிய லயத்துப் பயலுக வேலதான். காட்டுப் பட்டைய நசுக்கிக் குட்டையில போட்டு மீனு பிடிக்கப் பாத்திருக்கானுக. யாருன்னு நான் கண்டுபிடிச்சுத் தரேனுங்க."

அன்றைக்குப் பிள்ளைக்கு மறுபடியும் இரத்தம் போயிருந்தது. பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு அந்த உடம்போடு அவளைத் தூக்கி எந்தத் தோட்டத்துக்குப் போவேன்? வாயை மூடிக்கொண்டிருந்தாலும் போகிற உயிர் போகத்தான் போகிறது. பெரட்டில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. நான் முன்னால் போனேன். என் புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் கிழிந்தது.

"தொரைங்களே, பட்டையும் இல்ல, நஞ்சும் இல்ல. சுண்ணாம்பு. எங்க வீட்டுக்காரரு பீப்பாயக் குட்டையில கழுவினாரு. கங்காணி ஐயா மேல போயி நல்ல தண்ணி எடுக்கச் சொன்னாரு. பீலித் தண்ணியில கரச்சா சுவரு சாணி நெறமா வருது."

துரை கங்காணியைப் பார்த்தார். "கங்காணி, நீ சொன்னது?"

"நல்ல தண்ணி எடுன்னு சொன்னேனுங்க. குட்டையில எடுன்னு சொல்லலைங்க, தொரைங்களே."

"வேற எங்க இருக்கு நல்ல தண்ணி?" என்றேன் நான். "ஒரு எடத்தக் காட்டுங்க, கங்காணி ஐயா. நான் போயிக் காலையில மொண்டுக்கிறேன். எம்புள்ளைக்குச் சாணித் தண்ணி, சுவருக்குக் குட்டைத் தண்ணி. சுவருக்கு இருக்கிற யோகம் எம்புள்ளைக்கு இருந்தா மூத்தவன் இருந்திருப்பான்."

கங்காணி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். துரை பங்களாப் பக்கம் போகாமல், பணிய லயத்துக்குப் போகும் படியில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் பின்னால். அந்தப் படியில் அவர் இறங்கியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பீலிக்கு முன்னால் நின்றார். மாட்டுக்காரன் மேலே பட்டியை இன்னும் கழுவி முடித்திருக்கவில்லை. பீலியில் என்ன வந்ததோ அது வந்தது. துரை கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். மதினி மெதுவாக, "ஒரு சொம்பு மோந்து குடு புள்ள, விருந்தாளி வந்திருக்காரு" என்றாள். நல்ல வேளை, அது அவர் காதில் விழவில்லை.

துரை செய்ததைச் செய்ததாகவே எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளை நினைத்து அவர் ஒன்றும் செய்யவில்லை. பீலியில் நல்ல தண்ணீர் வராதவரை இந்த ஆட்கள் எதற்காவது குட்டைக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தொழிற்சாலை ஸ்டோரில் பழைய இரும்புக் குழாய் கிடந்தது. குட்டைக்கும் மேலே, காட்டு ஓரத்தில் தண்ணீரைப் பிடித்து, குட்டையைச் சுற்றி, பட்டியைச் சுற்றி, பணிய லயத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இறக்கச் சொன்னார். "இனி ஒரு ஆள் குட்டைப் பக்கம் வந்தா, பத்துச்சீட்டு" என்றார். பீப்பாய் கழுவிய நான்கு பேருக்கும் தண்டனை, பெயர் போடாமல், அதாவது கூலி இல்லாமல், குழாய் புதைக்கக் கான் வெட்டுவது. என் புருஷன் ஆறு நாள் வெட்டினார். அவ்வளவு மனசோடு அவர் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை. கங்காணிக்குத் தண்டனை எதுவும் இல்லை. அதிகாரி வந்த அன்று குழாயைத் திறந்து காட்டியவரே அவர்தான். மாலையும் போட்டுக்கொண்டார்.

குழாய் வந்து இரண்டு வாரத்தில் பிள்ளைக்கு இரத்தம் நின்றது. ஆவணியில் எழுந்து சுவரைப் பிடித்து நடந்தாள். என் ஐந்தில் மூத்தவள் அவள்தான். இப்போது அட்டனில் இருக்கிறாள், அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம். வேறு யாராக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். துரையை எதிர்த்துப் பேசித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவள் என்று பணிய லயத்தில் பல வருடம் சொன்னார்கள். எனக்கு அது பெருமைதான். தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஆனால் எங்களுக்குக் குழாய் வந்த பிறகு அந்த ஆற்றைப் பற்றிக் கேட்க ஆளே இல்லாமல் போயிற்று. முன்பு நான் கத்தினால் மாட்டுக்காரன் கொஞ்சமாவது பயப்படுவான். இப்போது எருவையும் சேர்த்து ஆற்றிலேயே தள்ளினான். எங்கள் சனமும் அப்படித்தான். குடிக்கிற தண்ணீர் வேறு ஆகிவிட்டது, இனி ஆறு எதற்கு? சாம்பல், குப்பை, செத்த கோழி, எல்லாம் அதில். கழுவுகிறதைக் கீழே போய்க் கழுவு என்று நானும் பிறகு யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

துரை புது மீன் வாங்கி விட்டார். குஞ்சுகளானதால் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று, நீர்நாய்களை இனி விரட்ட வேண்டாம், சுட்டுவிட வேண்டும் என்று வாச்சரிடம் துப்பாக்கியைக் கொடுத்தார். சுண்ணாம்பு கொட்டிய அன்று குட்டையில் இல்லாத குற்றம் அவர் தலையில் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. ஐப்பசிக்குள் நான்கு தோலும் பங்களாப் பின்சுவரில் ஆணியடித்துக் காய்ந்தன. நான் அந்த வழியே விறகுக்குப் போகும்போது பார்த்தேன். சின்னத் தோல். பூனைத் தோலைவிடக் கொஞ்சம் பெரிசு, வாலோடு.

அதற்குப் பிறகு ஒரு நாள் வாச்சர் லயத்துக்கு வந்தார். அவர் லயத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொன்னேனா என்பது ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கமாட்டேன்.

"நங்கி, புள்ள நல்லமா?" என்றார்.

"நல்லா இருக்கா, வாச்சரண்ணே."

"நீ தொரைகிட்ட நல்லாச் சொன்னது. நாங்க சொல்லிக் கேக்காது. இன்னும் ஒரு தரம் சொல்லணும். பட்டிய ஆத்த விட்டு அங்கிட்டு தள்ளி வைக்கச் சொல்லு. எங்க ஊருல அந்தத் தண்ணிதான். சின்னப் புள்ளைங்களுக்கு வயிறு போவுது. என் மக புள்ளைக்கும்."

அவர் தினமும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலை வேளையெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஒரு செம்புத் தண்ணீர் இல்லையென்றால் ஆடி வரைக்குமே பிள்ளை தாங்கியிருக்கமாட்டாள் என்றும் தெரியும். ஆனாலும் மறுபடி பெரட்டில் முன்னால் போய் நிற்க என் கால் வரவில்லை. கங்காணி அப்போதே என்னைத் தூரத்து மலைக்கு, அட்டைக் காட்டுக்கு, கொழுந்தெடுக்கத் துரத்திக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் என்ன செய்வாரோ. வயிற்றில் அடுத்தது வேறு.

"அது ஒங்க ஊரு. ஒங்க ஊருப் பெரியவங்க போயிக் கேக்கட்டும். எனக்கு எதுக்கு இன்னொரு வம்பு?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஹரி, நங்கி" என்றார். சரி என்று அர்த்தம். இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனார். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கிராமத்தில் எத்தனை பிள்ளைகள் போயின, அவர் மகளின் பிள்ளை பிழைத்ததா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பணிய லயத்திலேயே இருபது வருடம் இருந்தேன். நடந்தால் அரை மணி நேரம். ஒரு நாள்கூடப் போய்க் கேட்டதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குழாய்க் கதையை மட்டும்தான் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்களும் கையைத் தட்டினார்கள்.

இருபது பக்கத்துக்கு வந்துவிட்டது. பென்சில் எழுத்து எனக்கே மங்கலாகத் தெரிகிறது. பேத்தி இப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறாள்.

"ஏ புள்ள, இங்க வா. தேத்தண்ணிய அப்புறம் குடிக்கலாம். நான் எழுதினத சத்தமா வாசி, கேக்கிறேன். நீயா ஒண்ணும் சேக்காத, திருத்தாத. பெரட்டுல நான் பேசினத வேகமா வாசிச்சாலும் பரவாயில்ல. கடைசிப் பக்கத்துல வாச்சரு வந்து நிக்கிறாரு பாரு, அவருக்கு நான் சொன்ன பதில மட்டும் முழுங்காம வாசி."